எந்த ராஜ்யத்துச் செங்கல்

மச்சான்,

நேற்று மாலை வீட்டுக்குப் பின்னால் இறக்கி வைத்திருந்த செங்கல் குவியல்மேல் மழை பெய்தது. திகாம் பத்து டவுனில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. குளியலறையைக் கொஞ்சம் இழுத்துக் கட்டலாம் என்று கிளம்பியிருக்கிறேன். எனக்குக் கட்டத் தெரியாது என்பதை என் மனைவி கொத்தனாரிடம் என் முன்னாலேயே சொல்லிவிட்டாள். நனைந்த செங்கல் வாசனை எழுந்தது. மற்றவர்களுக்கு அது மண் வாசனை. எனக்கு மட்டும் அது போலீஸ் வாசனை. ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதமாகிறது.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டோரில் பால் நிறுக்க வாளியோடு வரிசையில் நிற்கும்போது நீ ராஜ்யங்களைக் கவிழ்த்துக்கொண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் சொன்ன பாபிலோனும் நினிவேயும் திங்கட்கிழமை எங்கள் காதுக்கு வந்துவிடும். "வந்துட்டாருப்பா நினிவே" என்று பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நீ விடமாட்டாய்.

"அவ்ளோ பெரிய ராஜ்யம் ஏன்டா விழுந்துச்சு?"

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஏழாம் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. "எதிரி வந்திருப்பான்" என்றேன்.

"எதிரி கடைசியாத்தான்டா வருவான். அதுக்கு முன்னாடியே உள்ள இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் தன் தலைய மட்டும் காப்பாத்திக்கிட்டு ஒதுங்கிடுவான். எதிரி வந்து கதவத் தட்டுறப்ப, திறக்கக்கூட ஆளு இருக்காது."

"அப்ப நல்லதுலா, சண்டையே இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் அது சிரிக்கிற காலம் இல்லை. சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று சட்டம் வந்த பிறகு, நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்தே குடும்பங்கள் ஊருக்குத் திரும்பக் கப்பலேறியிருந்தன. நீ குடியுரிமை உள்ளவன், உன்னிடம் நீலக் கார்டு. என்னிடம் சிவப்பு. நான் இங்கேதான் பிறந்தேன், ஆனால் என் பிறப்புப் பத்திரத்தை அப்பா எங்கே வைத்தார் என்பதைத் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீலக் கார்டுக்கு மனு போட்டுவிட்டு, மலாய் மொழி நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். மனைவி கையில் ஆறு மாதக் குழந்தை. "சின்ன போலீஸ் கேஸ் இருந்தாலும் மனு குப்பைக்குத்தான் போகும்" என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லியிருந்தார். மனு போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும். எனக்குச் சோறு இறங்காத நாட்கள் அவை.

அப்படிப்பட்ட நேரத்தில் புத்தியுள்ளவன் எவனாவது செங்கல் பொறுக்குவானா? நான் பொறுக்கினேன். ஒரு லீவு நாளில் தோட்டத்து எல்லையைத் தாண்டி, ஜெராய் மலை அடிவாரத்தில் விறகு தேடப் போனோம். புதருக்குள் சிவப்புச் செங்கற்கள் சரிந்து கிடந்தன.

"தொடாத" என்றாய். "மெர்போக் பக்கம் தோண்டுறாங்களே, அது மாதிரி பழைய கோயிலா இருக்கும். கடாரம்டா."

"கடாரம்னா நம்ம ராஜா பிடிச்ச ஊருதானே. அப்ப நம்ம சொத்துதான்."

"உங்க ராஜாவுக்கு என்ன கலர் கார்டுன்னு கேட்டுட்டு எடு."

கேட்கவில்லை. எட்டுக் கல்லைச் சாக்கில் போட்டுக்கொண்டேன். நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் தோம்புப் பீப்பாய்க்கு அடியில் அவை அழகாக உட்கார்ந்தன. கட்டட விஷயத்தில் மனைவி என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வாரத்தில் தோட்டத்து முச்சந்தியில் மலாயில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள். நீதான் படித்துச் சொன்னாய். பழைய இடங்களிலிருந்து கல் எடுப்பது குற்றம், எடுத்தவர்கள் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும்.

"தண்டனை போட்டிருக்கா?"

"இருக்கு."

"எவ்ளோ?"

"அந்த எடத்துல காக்கா எச்சம் போட்டிருக்கு" என்றாய். அது உண்மையா என்று நான் கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் எந்த ஜீப் நுழைந்தாலும் என்னைப் பிடிக்கத்தான் வருகிறது. ஈரச் சாக்கைப் போட்டுத் தோம்படியை மூடினேன். "கல்லுக்குக் குளிருதா?" என்று கேட்டாள் மனைவி. என் முகத்தைப் பார்த்து நீதான் முடிவு செய்தாய். "குடுத்துடலாம்டா. நான் பேசுறேன், நீ வாயத் தொறக்காத. உன் மலாய்க்குத் தனியா ஒரு கேஸ் போடுவான்." உன் மோட்டார் சைக்கிளில், மடியில் சாக்கோடு பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு குழியிலும் எட்டுக் கல்லும் என் தொடையில் ஏறி இறங்கின.

மெர்போக் பக்கம் தோண்டுகிற இடத்தில் தொப்பி போட்ட இளம் மலாய் அதிகாரி ஒருவர் செங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நீ போன காரியத்தை விட்டுவிட்டு, இந்த ராஜ்யம் ஏன் விழுந்தது என்று அவரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய். முழுதாக யாருக்கும் தெரியாது என்றார் அவர். ஆற்றில் மண் சேர்ந்திருக்கலாம். கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போயிருக்கலாம். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பியிருக்கலாம். நீ என் பக்கம் திரும்பி, "பாத்தியா" என்று கண்ணைக் காட்டினாய். நான் சாக்கைக் கீழே இறக்கி வைத்தேன்.

அவர் சாக்கைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது. யார் எடுத்தது என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல மலாயில் மூன்றே சொல் போதும். எனக்கு அந்த மூன்றும் தெரியும். வாய் திறக்கவில்லை. கால் மட்டும் வேலை செய்தது. அரை அடி நகர்ந்து உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சாயா யாங் அம்பில், எஞ்சே." நான்தான் எடுத்தேன் ஐயா என்று நீ சொன்னாய். இவன் சும்மா என்கூட வந்தவன் என்றும் சொன்னாய்.

உன் நீலக் கார்டை வாங்கிப் பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதினார். பிறகு ஒரு கல்லை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை, அந்தப் பக்கம் தரையில் இருந்தது. அவர் சிரித்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல், ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கூடமாக இருக்கும், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். உன் பெயரை அடித்துவிட்டார்.

வழியெல்லாம் நீ சிரித்ததில் மோட்டார் சைக்கிள் ஆடியது. "கடாரம்னு நெனச்சு வெள்ளைக்காரன் கல்லத் திருடியிருக்கடா. அவன் ராஜ்யத்துலயும் அதுக்குள்ள புதர் மண்டிப்போச்சு பாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல் எந்த ராஜ்யத்துடையது என்பது அவர் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் நகர்ந்தது அதற்கு முன்னால்.

மறு வருடம் எனக்கு நீலக் கார்டு கிடைத்தது. பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், நாம் ஆளுக்கொரு டவுனுக்கு. ராஜ்யம் எப்படி விழுகிறது என்று நீ வருடக் கணக்கில் பேசினாய். நான் அரை அடியில் செய்து காட்டியிருக்கிறேன். நினிவேயிலும் இப்படி எத்தனை பேர் நகர்ந்தார்களோ. தோண்டுகிறவர்களுக்குச் செங்கல் கிடைக்கும், இது கிடைக்காது.

என் மலாய், என் தொப்பை, என் சமையல், எதையும் நீ கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. அந்த அரை அடியை மட்டும் ஒரு நாளும் நீ பேச்சில் எடுக்கவில்லை.

உன் அடக்கத்தன்று உன் மனைவி என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். நான் செங்கல் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எடுத்தது யார் என்ற இடம் வந்தபோது, "நாங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்தோம்" என்று நாக்கு புரட்டிவிட்டது. சட்டைப் பையில் நீலக் கார்டு இருந்தது. யாரும் என்னை எங்கேயும் அனுப்பப் போவதில்லை. இருந்தும் சொன்னேன். உன் பெரிய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா அந்த வேலையெல்லாம் பாத்திருக்காரா மாமா?" என்று சிரித்தான். தலையை ஆட்டினேன்.

ஒன்பது மாதமாக அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவன் வெளியே வரும்போது கோயில் வாசலில் நிற்கப்போகிறேன். உங்கப்பா தொடாதேன்னுதான் சொன்னாரு, எடுத்தது நான் என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு வியாழன்தான். கால் இப்போதே பின்னால் போகப் பார்க்கிறது, மச்சான்.