இமாச்சலத்துக்கு வாங்கிய ஸ்வெட்டர்

ஜூன், சனிக்கிழமை.

மன்னவனூர் மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் கேரட் தோட்டத்து மேட்டில் இன்று இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, என் நுழைவுத்தேர்வு ரேங்குக்கு ஏற்ற கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கி, இணையத்தில் பட்டியலைப் பூட்டிவிட்டேன். இனி மாற்ற முடியாது.

"ஏலே, மொதல்ல எதைப் போட்ட?" என்றார் அப்பா.

"இமாச்சலம்தான்ப்பா. பனியெல்லாம் நமக்குச் சித்தப்பா முறை!"

ஒரு வாரமாக ஊரெல்லாம் இதே பீற்றல்தான். அதை நம்பி அம்மா கொடைக்கானல் போய்க் கனத்த ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டாள். "போட்டுப் பாருடா, அங்க ரொம்பக் குளிருமாம்" என்றவள், அங்கிருந்து வீட்டுக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டாள்.

போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உண்மையில், பூட்டுவதற்கு முன் இமாச்சலத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் இருப்பது காரைக்கால். அந்த வெயிலில் இந்த ஸ்வெட்டரைப் போட்டால் வெந்துபோவேன். ஆனால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம்.