பதினேழு பவுண்டு

சால்ட் லேக் சிட்டி
25.7.2007

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்ரீமதி எழுதுவது. நீங்களும் அத்தையும் நம் பாப்பா சினேகாவும் சுகந்தானே? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நேற்று இங்கே விடுமுறை. தங்கள் மதத்துக்காக ஊர் ஊராகத் துரத்தப்பட்ட மார்மன் மக்கள், நூற்றறுபது வருடத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்த நாள். பிற்பாடு வந்த ஏழைகள் கைவண்டி இழுத்து நடந்தே வந்தார்களாம். ஆளுக்குப் பதினேழு பவுண்டு, அதாவது ஏழே முக்கால் கிலோ சாமான்தான் அனுமதி. கண்காட்சியில் அந்த எடையில் ஒரு மூட்டை வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். நான் கிளம்பிய அன்று பாப்பா அதே எடைதான் இருந்தாள். மூட்டையை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், உங்களுக்குப் பின்னால் அத்தை குரல் கேட்டது. "ஆவி புடிக்க நேரமாச்சுடா, புள்ளைக்கு மூச்சு இழுக்குது." நீங்கள், "அது டிவி, ஸ்ரீமதி" என்றீர்கள். எந்த டிவியில, மாமா, அத்தை பேசுறாங்க?

நம் குடிகாட்டில் மறுபடி தொழிற்சாலை கெமிக்கல் நாற்றமா? ஜன்னலைச் சாத்தி வையுங்கள். பாப்பாவைச் சிதம்பரம் டாக்டரிடம் காட்டி, எடை போட்டு எழுதுங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் சாமானைப் பாவாடைக்குள் ஒளித்துத் தராசையே ஏமாற்றினார்களாம். நீங்கள் பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மாட்டி எடை போடாதீர்கள்.

ஒன்றரை வயதுக்கு ஒன்பது கிலோவாவது வேண்டும். குறைந்திருந்தால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். என் சாமான் பதினேழு பவுண்டுகூட வராது.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள்
ஸ்ரீமதி