ஞாயிற்றுக்கிழமைப் படகு

ஜூன் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நலம். உங்கள் இருமல் நின்றதா? குளக்கரை அரசுப் பூங்காவுக்கு மாற்றலாகிப் போனபோது, வாரம் தவறாமல் வருவேன் என்றீர்கள். இப்போது ஞாயிறு என்றாலே கூட்டம் என்கிறீர்கள்.

போன வாரம் என் தம்பி லாரியை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்க வந்திருக்கிறான். "மாமா ஒரு பொண்ணைப் படகுல வச்சுப் பேசிட்டே இருந்தாருக்கா. அவ முதுகுதான் தெரிஞ்சுது. கையத் தட்டிக் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல" என்றான். கைக்குட்டை அளவு குளம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அதில் கூப்பிட்டது காதில் விழாதா? மீசைக்கு மை வேறு பூசியிருந்தீர்களாம். யார் அவள்?

உங்கள்,
டீச்சர்

ஜூன் 9

அன்புள்ள டீச்சருக்கு,

இருமல் தேவலை. டிக்கெட் வாங்கினவர்களைப் படகில் ஏற்றுவதுதான் என் வேலை. அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. உன் தம்பி எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வான். இங்கே ஊஞ்சல்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்தோம். குளத்தில் பாசி எடுத்தாயிற்று. மை பழைய டப்பாவில் மிச்சம் இருந்தது, வீணாகுமே என்று பூசினேன். முழங்கால் வலியோடு பஸ்ஸில் அலையாதே. இந்த ஞாயிறும் வர இயலாது.

அன்புடன்,
உன் கணவன்

ஜூன் 18

அன்புள்ள உங்களுக்கு,

யார் என்று கேட்டேன். நீங்கள் பெயின்ட்டைப் பற்றி எழுதினீர்கள். பஸ்ஸில் அலையாதே என்ற வரியை இரண்டு மூன்று தடவை படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

ஊஞ்சல் பக்கம் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். படகு கரைக்குத் திரும்பியது. முகம் தெரிந்தது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன நம் மகள். எங்கே இருக்கிறாளோ என்று என்னோடு சேர்ந்து அழுதவர் நீங்கள்.

அவள் எழுந்து நின்றபோது வயிறும் தெரிந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. சொன்னா அப்புறம் நான் இங்க வரமாட்டேன்" என்றாள். "சொல்லலம்மா" என்றீர்கள்.

வேறொருத்தியாக இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பேன். பெற்ற மகளை என்ன செய்வது? அவள் கண்ணில் படாமல் அங்கேயே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். உங்கள் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இங்கே வராதீர்கள். படகைக் கரையோரமாகவே ஓட்டுங்கள். இறங்கும்போது அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கையைத்தான் பிடித்தீர்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா