ஆடவில்லை என்று நீதான் முதலில் சொன்னாய்

என் சேகர் அண்ணா,

நீ போன பிறகு உன்னிடம் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் சிரிக்காதே. வாயால் சொன்னால் நம்ம தெருவில் யார் காதிலும் ஏறாது. அது என்னைவிட உனக்கு நல்லா தெரியும். அதனால்தான் எழுதி, நாலு பேர் படிக்கிற இடத்தில் கொடுக்கிறேன்.

முதலில் உனக்குப் பிடிக்காத சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம்ம இந்தியா ஃபுட்பால் டீம் இந்தத் தடவை ஆசியக் கோப்பைக்கே போகவில்லை. நம்மில் கால்வாசிகூட இல்லாத ஊர்க்காரர்களிடம் தோற்றார்கள். சொந்த மண்ணிலேயும் தோற்றார்கள். பொண்ணுங்க டீம் மட்டும் ஜெயித்து உள்ளே போயிருக்கிறதாம். டீக்கடையில் ஒருத்தரும் இதைப் பேசவில்லை, டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லித் தலைவரைக்கும் போர்த்திப் படுத்திருப்பாய். யாருக்காக அண்ணா அப்படிப் பட்டினி கிடந்தாய்? அவர்களுக்கு உன் பேர்கூடத் தெரியாதே.

நான் துணி துவைக்கும்போது நீ பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பழைய கதையெல்லாம் சொல்வாய். வெறுங்காலோடு ஒலிம்பிக்கில் இறங்கி ஆடினார்கள், வெள்ளைக்காரன் வாயைப் பிளந்து பார்த்தான். ஆசியப் போட்டியில் இரண்டு தரம் தங்கம். ஒரு ஒலிம்பிக்கில் நாலாவது இடம். அதற்கப்புறம் இறக்கம்தான், இறங்கிக்கொண்டே இருக்கிறோம் என்பாய். உலகக் கோப்பையில் இன்றுவரைக்கும் ஒரு மேட்ச்கூட நாம் ஆடினதில்லை. ஒரு தரம் கூப்பிட்டும் போகாதது பூட்ஸ் இல்லாததால்தான் என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் உனக்குப் பொறுக்காது. "பூட்ஸ் இல்லப்பா காரணம். போகணும்னு பெரியவங்களுக்கு மனசு இல்ல. ஒலிம்பிக்தான் பெருசுன்னு நினைச்சாங்க" என்று பொறுமையாகச் சொல்வாய். கேட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் பூட்ஸ் கதையையே சொல்வார்கள். காதுக்கு இனிப்பாக இருக்கிறதை ஜனம் விடுமா?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் அடுகோடிப் பக்கம் எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் பந்து உதைக்கத் தெரியும். அதில் என் அண்ணன் கோல்கீப்பர். ஒரு காலத்தில் இந்தியா டீமில் அவனை எடுத்தார்கள். இரண்டாவது கோல்கீப்பர். முதல் ஆள் விழுந்தால்தான் இவனுக்கு வேலை. முதல் ஆள் விழவே இல்லை.

ஒரே ஒரு நாள் விழுந்தான். அரபு நாட்டில் மேட்ச். உன் கூட்டாளி ஜெயபால் வீட்டில் மட்டும்தான் டி.வி., தெருவே அங்கே இருந்தது. பெரிய டப்பா, சின்னத் திரை, ஆள் எல்லாம் அரிசி மணி மாதிரி. முதல் ஆள் காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான். நீ மேல்சட்டையைக் கழற்றிப் போட்டு, கையுறை மாட்டி, கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். உன் முகம் பெரிதாக ஒரு தடவை வந்தது. அம்மா எழுந்து நின்று கும்பிட்டது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

கரண்ட் வந்தபோது எதிராளிக்குப் பெனால்டி. கோலில் ஒருத்தன் நின்றான், பாய்ந்தான், பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "சேகர்டா, நம்ம சேகர்டா" என்று முதலில் கத்தினது ஜெயபால்தான். அப்புறம் டி.வி. என்ன சொன்னது என்று யாருக்கும் கேட்கவில்லை, அதுவும் இந்தியில் பேசியது. மேட்ச் தோற்றுப் போனோம். ஆனாலும் தெருவில் சரவெடி வெடித்தார்கள். மறுநாள் பேப்பரில் தோற்ற சேதி இரண்டு வரி வந்தது, பேர் ஒன்றும் இல்லை.

இருட்டில் என்ன நடந்தது என்று நீ வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் ஆள் மூச்சு வாங்கி எழுந்துவிட்டான். கோச் உன்னைப் பார்த்துக் கையை அமர்த்தினார். நீ போய் உட்கார்ந்தாய். அவ்வளவுதான்.

நீ வந்த அன்றைக்கு மேளம் வைத்திருந்தார்கள். ஜெயபால் உன்னைத் தோளில் தூக்கினான். நீ குனிந்து குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. வேர்வை வாடையே இல்லை. என்னண்ணா இது என்று கேட்டேன்.

"ஆடினாதானே கஸ்தூரி அழுக்காகும்" என்றாய்.

நீ அதை ஒளித்து வைத்தவன் இல்லை. ஜெயபாலிடம் சொன்னாய், கிளப்பில் சொன்னாய், கோயில் வாசலில் மாலை போட்டவரிடம் சொன்னாய். பையனுக்கு என்ன அடக்கம் பார் என்று கன்னத்தைத் தட்டினார்கள். அப்பா உன் கையைக் கிள்ளி, ஊரே சந்தோஷமா இருக்கு, வாயை மூடுடா என்றார். நானும் குழாயடியில் சொன்னேன். சின்னப் பொண்ணு, பந்தாட்டத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும் என்று குடத்தை நகர்த்தி வைத்தார்கள். சொல்லிச் சொல்லி நீ களைத்துப் போனாய். பிறகு யாராவது அந்தப் பெனால்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாய். அதையும் அடக்கம் என்றே சொன்னார்கள்.

அந்தப் பெரிய ஃபேக்டரியில் பந்தாட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தார்களே, அங்கே உன்னைக் கேட்டார்கள், இந்தியாவுக்கு எத்தனை மேட்ச் ஆடினாய் என்று. ஒன்றும் இல்லை சார், கூட இருந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். வேலை இல்லை. அப்பா ரொம்ப நாள் உன்னிடம் பேசவே இல்லை. தெருவில், தமிழ்ப் பையன் என்று ஓரம் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை கட்டினார்கள். அதற்கும் நீ இல்லை என்றாய். அதையும் யாரும் கேட்கவில்லை.

மூட்டை தூக்கினாய், ஆட்டோ ஓட்டினாய். கல்யாணம் தள்ளித் தள்ளியே போய்விட்டது. கடைசியில் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். "உட்கார்ற வேலைதான் கஸ்தூரி. எனக்கு நல்லா பழக்கம்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

அந்த நாற்காலியிலேயே போய்விட்டாய். காலையில் மாற்று ஆள் வந்து, நீ தூங்குகிறாய் என்று நினைத்து, "ஏளண்ணா, ஷிஃப்ட் ஆய்த்து", எழுந்திரு, ஷிஃப்ட் முடிந்தது என்று கன்னடத்தில் சொல்லித் தோளைத் தட்டினானாம். தொப்பிகூட நேராக இருந்ததாம். நான் பொம்மனஹள்ளிக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்கு பஸ் ஏறிவிட்டேன், பாதி வழியில் போன் வந்தது. ஷிஃப்ட் முடிந்ததை உனக்குச் சொல்லக்கூட ஒரு ஆள் வந்தான். உன் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

நம்ம வழக்கப்படி உன்னை கிரவுண்டைச் சுற்றி ஒரு சுற்று தூக்கிப் போனார்கள். நெஞ்சின் மேல் பந்து வைத்தார்கள். ஜெயபால் இப்போது கிளப் செக்ரட்டரி. மைக்கைப் பிடித்து, இந்தியாவுக்காகப் பெனால்டி பிடித்த கை என்று அழுதான். எனக்கு நிற்கவே தெம்பில்லை, பேச எங்கே போவேன்? தெரு மூலையில் உன் படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் சுவர் வந்தது. நம்ம கிரவுண்டிலிருந்து போய் இந்தியாவுக்காக ஆடினவர்கள் பேரைச் சுவரில் எழுதலாம் என்று கிளப்பில் முடிவு பண்ணினார்கள். நம்ம தெருப் பையன் பிரதீப், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், சரிபார்க்க ஒத்துக்கொண்டான். இந்தியா ஆடின மேட்ச் ஒவ்வொன்றிலும் யார் இறங்கினார்கள் என்று இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கலாமாம். நல்ல பிள்ளை, முதலில் என்னிடம்தான் வந்தான். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணன் பேரு டீம்ல இருக்கு. ஆனா ஒரு மேட்ச்லகூட இறங்கல" என்றான். அதைத்தானே தம்பி அவனும் சொன்னான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெஞ்சு சேகர் என்று பேர் வைத்தார்கள். ரேஷன் கடையில் ஒருத்தி, உங்க அண்ணன் இத்தனை வருஷம் நம்மளை நல்லா ஏமாத்திட்டாரே, மாலை எல்லாம் வாங்கிக்கிட்டாரே என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் சிரித்தாள். உன் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். மழை பெய்த அன்றைக்கு ஒரு ஸ்கூட்டர் மேல் அது மூடியிருந்தது. சீட்டுக்கு மேல் உன் முகம், கண்ணில் தண்ணீர் தேங்கி நின்றது. உருவி எடுத்து வந்து துவைத்துக் காயப்போட்டேன். உன் துணி வேறு யார் துவைப்பார்கள்?

செத்தவனைப் பொய்யன் என்றால் அவன் எழுந்து வந்து பேசுவானா அண்ணா? உனக்கு வேலை இல்லாமல் போனதைப் பொறுத்துக்கொண்டேன். இதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ரூமுக்குப் போனேன். பொம்பளை யாரும் அங்கே போகிற வழக்கம் இல்லை. எல்லாரும் இருந்தார்கள். பிரதீப்பும் இருந்தான். உட்காரு என்றார்கள், நான் உட்காரவில்லை. ஜெயபாலைத்தான் பார்த்தேன்.

"அன்னிக்கு அவன் உன் தோள் மேல உட்கார்ந்து வந்தான் இல்ல? உன் காதுகிட்ட குனிஞ்சு என்ன சொன்னான்?"

ஜெயபால் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தான். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? அவன் அப்படிச் சொல்லவில்லை. அதற்கு மட்டும் அவனுக்கு ஒரு கும்பிடு.

"ஆடலடான்னு சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"சும்மா இரு, கையைக் காட்டுன்னு சொன்னேன்."

பிரதீப் தலை குனிந்துகொண்டான். ஜெயபால் எழுந்து என் பக்கத்தில் வந்து, மெதுவாக, அவன் பேரையும் எழுதிடலாம் கஸ்தூரி, எவன் வந்து பார்க்கப் போறான் என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான்.

"அன்னிக்கும் அவனைக் கேக்காமதான் தூக்கினீங்க. செத்த பிறகும் தூக்காதீங்க" என்றேன்.

சுவர் எழுதி முடித்தாகிவிட்டது. உன் பேர் இல்லை. நான் தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். உன்னைத் திட்டின வாய் ஒன்றும் என்னிடம் வந்து தப்பு என்று சொல்லவில்லை. பெஞ்சு சேகர் என்ற பேரும் போகவில்லை. ஜெயபால் என்னைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுகிறான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பொய்யன் என்று இப்போது சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மட்டும் கரண்ட் போகாமல் இருந்திருந்தால், நீ திரும்பிப் போய் உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பாவம் என்று இரண்டு நாள் சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். நீயும் மனுஷன் மாதிரி வாழ்ந்திருப்பாயோ? இல்லை, வேறு ஏதாவது கதை கட்டியிருப்பார்களோ?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உங்க அண்ணன் இந்தியாவுக்கு ஆடினாரா என்று யார் கேட்டாலும், ஆடவில்லை, அவனே சொன்னான் என்று சொல்வேன். கேட்கிறவர்கள் நம்புகிற வரைக்கும் சொல்வேன். இனிமேல் நம்ம டீம் எங்கே ஆடினாலும், தோற்றாலும், டி.வி. முன்னால் உட்காருவேன். மற்றவர்கள் பந்தைப் பார்க்கட்டும். கேமரா எப்போதாவது ஒரு தடவை அந்தப் பெஞ்சுப் பக்கம் திரும்பும் இல்லையா? கையுறை போட்டுக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவனை நான் பார்ப்பேன்.

உன் அழுக்காகாத சட்டையைத் துவைத்த தங்கச்சி,
கஸ்தூரி