காலியாக விட்ட கட்டம்

14.9.2007, வெள்ளி. சிதம்பரம்.

போன மாதம் கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்தில் என் ஆய்வுக்கான கேள்விப் படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். 'கடலில் இறந்த பிள்ளைகள் எத்தனை பேர்?' என்று கேட்டதும், மீன் விற்கும் அஞ்சலையம்மா உடைந்து அழுதார். பேனாவை மூடிவிட்டேன். கட்டம் காலியாகவே நின்றது. கருணையாம், முட்டாள் நான்.

நேற்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு படிவத்தைத் தூக்கி எறிந்தார். "காலியா விட்டா அது ரிசர்ச்சாம்மா? போய்க் கேட்டு எழுதிட்டு வா."

இன்று காலை போனேன். மீன்கூடையை இறக்கிவிட்டு அஞ்சலையம்மா கேட்டார்: "அன்னிக்கு அத்தினி அழுதேனே, நீ எழுதிக்கலியா?"

இல்லை என்றேன். மூன்று பிள்ளைகளையும் பெயரோடு, வயதோடு, இந்த முறை அழாமல் சொன்னார். "எழுதிட்டியா? நல்லா பாத்துக்க. இன்னொரு வாட்டி வந்து கேக்காத."

மாலையில் கைடு பார்த்தார். "மூணா? மத்த வீட்டுல எல்லாம் ஒண்ணுகூட இல்ல. இத வச்சா புள்ளிவிவர டேபிளே கெட்டுடும். கட்டுரையில வேணாம், அடிச்சிடலாம்."

"சரி சார்" என்றேன். அடிப்பதற்குப் பேனா தேடினார். என்னுடையதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.