தெப்பத்தில் நின்ற பாட்டு

தை 26, ஞாயிறு

இன்று காலை மேலூருக்குக் கிழக்கே ஓர் ஊரில் தெப்பத் திருவிழா. மைக்செட் என்னுடையது. தெப்பத்தில் நானும் ராசுவும் ஏறினோம். எட்டு வருஷமாக என் பேட்டரிகளுக்கு சார்ஜ் போடுகிறவன் அவன்தான். அவன் தெரு ஆட்கள் யாரும் அந்தத் தெப்பத்தில் கால் வைத்ததில்லை. நான்தான் பிடிவாதம் பிடித்து ஏற்றினேன்.

இரண்டாவது சுற்றில் பாட்டு நின்றுபோனது. சாமியோடு கிளம்பிய தெப்பத்தைப் பாதியில் கரைக்குத் திருப்பக் கூடாது. ராசு பேட்டரி முனைகளில் பல்பை வைத்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில். ஃபியூஸைக் கழற்றினேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஃபியூஸ் போனபோது சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றியவன் நான். அதை மாற்றவே இல்லை; இப்போது அந்தத் தாள் கருகிக் கிடந்தது. சாமி தெப்பத்தில் இன்னொரு வெள்ளித்தாளுக்கு எங்கே போவது?

கரையிலிருந்து ஊர்ப் பெரியவர் கத்தினார். "அவனையெல்லாம் ஏத்தாதேன்னு அன்னைக்கே சொன்னேன்ல! இப்ப என்னய்யா ஆச்சு?"

என் தப்பு என்று சொல்லியிருக்கலாம்.

"பேட்டரில சார்ஜ் இல்லண்ணே" என்றேன்.

ராசுவின் கையில் அந்தப் பல்பு இன்னும் இருந்தது. அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். மூன்றாவது சுற்றும் பாட்டில்லாமலே முடிந்தது.

கரையேறியதும் பேட்டரியைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினான். "இன்னொரு தடவ சார்ஜ் போட்டு வைக்கிறேண்ணே. வாரேன்" என்றான்.

திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.