வெறுங்காலோடு மூன்று சுற்று

நோபல் பார்க்
பின்னேரம்

அன்புள்ள மகள் நிரூபாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இரு. இருந்து ஆறுதலாக வாசி. தொலைபேசியில் சொன்னால் என் குரல் உடையும், பக்கத்து அறையில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்கும். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்கிறார் டொக்டர். அப்பா மாட்டேன் என்கிறார். நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டால் விரலோடு நிற்காது, பாதம் போகும் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எங்கள் திருமண நாளுக்கு நீ வாங்கித் தந்த கொரியப் பயணம் நன்றாகத்தான் தொடங்கியது. சிறிதரன் அங்கிள் ஆட்களும் நாங்களும் ஒரே பஸ். சொராக் மலையில் கேபிள் காரில் ஏறி இறங்கினோம். பாறை, மரம், எல்லாம் வெள்ளை. ஒரு சத்தம் இல்லை. அடிவாரத்தில் ஒரு புத்த கோயில். நான் சூடாக ஏதாவது வாங்கக் கடைக்குப் போனேன். அப்பா வாசலிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வலம் வரத் தொடங்கியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கோயில் என்றாலும் விகாரை என்றாலும் வாசலில் கழற்றுவதுதானே. கொரியாவில் மண்டபத்துக்குள் ஏறும்போது கழற்றினால் போதும். முற்றம் முழுக்க உறைந்த பனி. வழிகாட்டிப் பிள்ளை ஓடிப்போய் மறித்திருக்கிறாள். அப்பா அவளைக் கும்பிட்டுவிட்டு விலகி நடந்தாராம். சிறிதரன் அங்கிள் எங்கள் ஆட்களிடம், விடுங்கோ, உந்த மனுசன் நல்லூர் வெயிலுக்கை வீதியிலை உருண்டு பிரதட்டை அடிச்சவர், இது அவருக்கு ஏசி போட்ட வீதி எண்டு சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான் தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது மூன்றாவது சுற்று முடிந்துவிட்டது. குளிரேல்லையோ என்று கேட்டேன். ஒண்டும் தெரியேல்லை என்றார். பெருமையாகச் சொன்னார். அதுதான் பயப்பட வேண்டிய பதில். சீனி வருத்தம் அந்தக் கால்களில் உணர்வைத் தின்றுவிட்டது. குளிர் கடித்ததும் தெரியவில்லை, பிறகு பஸ்ஸில் ஹீட்டருக்கு நேரே காலை நீட்டி நித்திரையானபோது சுட்டதும் தெரியவில்லை. கல்கரிக் குளிரில் இருக்கும் உனக்கு இது விளங்கும். மெல்பனில் இருக்கும் எங்களுக்குப் பனி என்றால் படம் எடுக்கும் சாமான். ஹோட்டலில் காலுறையைக் கழற்றினேன். விரல்கள் மெழுகு. அடுத்த நாள் கொப்புளம். இப்போது இரண்டும் கறுப்பு, நேற்றிலிருந்து அழுகி மணக்கிறது.

பயணப் படங்கள் என்று அவர் உனக்கு இன்றுவரை அனுப்புபவை எல்லாம் அந்தக் கோயிலுக்கு முதல் எடுத்தவை. ஒவ்வொன்றாக அனுப்புகிறார், தீர்ந்துபோகாமல். இடுப்புக்கு மேலே தெரியும் படமாகப் பார்த்து.

ஏன் மாட்டேன் என்கிறார் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஒப்பரேஷனுக்குப் பயம் என்று நினைத்தேன். கார் ஓட முடியாமல் போகும் என்று நினைக்கிறாரோ என்றும் கேட்டுப் பார்த்தேன். இஞ்சை வெயில் காலம்தானே, சூட்டுக்குத் தானா மாறும் என்றார். நான் விடவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். விரலை எடுத்தா பிள்ளைக்குத் தெரிய வரும், தான் அனுப்பின பயணத்தாலதான் எண்டு காலம் முழுக்க நினைப்பாள், அவளை அப்பிடி நினைக்க விடேலாது எண்டு. உன்னிடம் மறைக்க வேண்டும் என்பதற்காக ஒரு காலைக் கொடுக்கப் பார்க்கிறார், நிரூ. அதனால் நான் மறைக்கவில்லை.

நீ கூப்பிடு. அழாதே. மன்னிப்புக் கேட்காதே. வாறன் என்று சொல்லி டிக்கெட் போடாதே, அதைப் பிறகு பார்ப்போம். விரல் இல்லாமலும் நடக்கலாம் என்று இன்டர்நெற்றில் இருப்பதை எல்லாம் வாசித்துக் காட்டாதே, அவர் ஃபோனைக் கீழே வைத்துவிடுவார். அவரை ஏசு. பனியில் வெறுங்காலோடு நடந்தது ஆர் எண்டு கேள். பிழை அவருடையது என்று நீ சொன்னால்தான் அவருக்கு ஆறுதல். நான் சொன்னால் சண்டை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து குசினிக் கதிரையில் இருந்தார். ஆருக்கு எண்டு கேட்டார். பிள்ளைக்கு என்றேன். காலைப் பற்றியோ. ஓம் என்றேன். கோபிப்பார் என்று பார்த்தேன். அந்த மலை நல்ல வடிவு எண்டும் எழுது என்றார். எழுதிவிட்டேன். எழும்பிப் போகவில்லை. தன் ஃபோனை மேசையில் திரை மேலே தெரிய வைத்துக்கொண்டு இருக்கிறார். கேட்டால் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க என்பார்.

கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், நல்லாய் இருப்பாய். சாப்பிடாமல் இருக்காதே. உனக்கு அங்கே இரவு, படுக்கப் போகுமுன் கூப்பிடு. எனக்கு இல்லை, அவருடைய நம்பருக்கு.

உன் அம்மா
இரஞ்சிதம்